படையின் இடத்தை மாற்றச் சொன்னால் செலவு யாருடையது? புதுச்சேரி 1761, கடலூர் 1783, ஹாங்காங் 1994

கெடிலக்கரை (கடலூர்)

நண்பர்களுக்கு வணக்கம். ஹாங்காங் நகரின் நடுவில், இன்று அரசுத் தலைமையகம் நிற்கும் டமார் என்ற இடத்தில், முன்பு பிரிட்டிஷ் கடற்படையின் தளம் இருந்தது. நகரத்தின் மிக விலையுயர்ந்த கடற்கரை அது. 1993இல் அந்தத் தளத்தை ஸ்டோன்கட்டர்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். மறு ஆண்டு, 1994 ஜூன் 30 அன்று, பிரிட்டனும் சீனாவும் அங்கிருந்த இராணுவ நிலங்கள் பற்றி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மொத்தம் 39 இடங்கள் பேச்சில் இருந்தன. அவற்றில் 14 இடங்கள், 1997இல் ஹாங்காங் சீனாவின் கைக்கு மாறும்போது வரப்போகும் சீனப் படைக்கு. மற்ற 25 இடங்கள் ஹாங்காங் அரசுக்கு. இதற்கு ஈடாக, ஸ்டோன்கட்டர்ஸ் தீவின் தென்கரையில் ஒரு கடற்படைத் தளம் உட்பட ஐந்து மாற்றுக் கட்டுமானங்களை ஹாங்காங் அரசு தன் செலவில் கட்டித் தர வேண்டும் என்பது முடிவு.

என்னை உறுத்துவது இந்தக் கடைசிப் பகுதிதான். குடியிருந்தவர் காலி செய்கிறார், புதியவர் குடிவருகிறார், பேச்சுவார்த்தையும் அவர்கள் இருவருக்குள் நடக்கிறது. வெள்ளையடிக்கும் கூலி மட்டும் மூன்றாமவர் கணக்கில் எழுதப்படுகிறது. இது நியாயமா என்பது ஒரு கேள்வி. நம் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியும் அதன் படையும், பிரெஞ்சு ஆளுநரும் அவருடைய தளபதியும் இத்தகைய பொறுப்பை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதைப் பற்றி இங்குள்ளவர்கள் எழுதினால் மகிழ்ச்சி.

ஓய்வுபெற்ற ஓவர்சியர் (நெல்லிக்குப்பம்)

தம்பி, வரலாற்றுக்குப் போகுமுன் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு துறையின் சாலைப் பணிக்காக வேறொரு துறையின் கம்பத்தையோ குழாயையோ நகர்த்த வேண்டுமென்றால், எங்கள் காலத்தில் அதற்கு டெபாசிட் வொர்க் என்று பெயர். இன்றும் அதே பெயர்தான். யார் நகர்த்தச் சொல்கிறாரோ அவர் பணத்தைக் கட்டுவார். பொருள் யாருடையதோ அவர் வேலையைச் செய்வார். கேட்பதற்கு எளிது. தகராறு எல்லாம் கூட்டாய்வு நாளன்றுதான் தொடங்கும்.

ஒரு வளைவில் மின்கம்பம், அதன் அடியில் குடிநீர்க் குழாய், அதற்கும் கீழே தொலைபேசிக் கேபிள் என்று மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். மூன்று துறைகளின் ஆட்களும் வெயிலில் நின்று டேப் பிடித்து அளந்து, எதை முதலில் எடுப்பது என்பதில் உடன்படுவார்கள். பிறகு மதிப்பீட்டைப் பிரித்தால், பழைய குழாய் ஆறு அங்குலம், புதிதாகப் போடப்போவதோ எட்டு அங்குலம் என்று இருக்கும். ஊர் வளர்ந்துவிட்டது, அதனால் எட்டு அங்குலம் வேண்டும் என்பார் குழாய்க்காரர். உன் ஊர் வளர்ந்ததற்கு என் சாலைத் திட்டம் எதற்குப் பணம் தர வேண்டும் என்பார் சாலைக்காரர். பெயர்த்தெடுத்த பழைய இரும்பின் மதிப்பை யார் கணக்கில் கழிப்பது என்பது அடுத்த சண்டை. "கேட்டவர் கட்டுவார்" என்ற விதியை யாரும் மறுக்க மாட்டார்கள். கேட்டது எவ்வளவு என்பதில்தான் கோப்பு வருடக்கணக்கில் நிற்கும். ஹாங்காங் உடன்பாட்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

முத்தியால்பேட்டை வாசகி (புதுச்சேரி)

கெடிலக்கரை கேட்ட இரண்டாவது கேள்விக்கு எங்கள் ஊரிலேயே ஒரு கூர்மையான எடுத்துக்காட்டு இருக்கிறது.

1761 ஜனவரி 16 அன்று, நீண்ட முற்றுகைக்குப் பின், புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. தரைப்படைக்குத் தலைவர் ஐர் கூட். (புதுச்சேரியின் அன்றாடத்தை நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாட்களுக்கு முன், ஜனவரி 12 அன்று, காலமாகிவிட்டார், இருந்திருந்தால் பின்வரும் கூத்தை அவரைப்போல் யாரும் பதிவு செய்திருக்க முடியாது.) நகரம் விழுந்தவுடனேயே வென்றவர்களுக்குள் சச்சரவு தொடங்கிவிட்டது. சென்னையின் ஆளுநர் ஜார்ஜ் பிகட், புதுச்சேரி கம்பெனியின் சொத்து, அதைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். 1758இல் பிரிட்டிஷ் மன்னர் கம்பெனிக்கு வழங்கிய சாசனம் அவருடைய ஆதாரம். கூட் தரைப்படை, கடற்படை அதிகாரிகளைக் கூட்டி ஆலோசித்தார். மன்னரின் விருப்பம் தெரியும் வரை நகரத்தை மன்னரின் பெயரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களின் கருத்து.

பிகட் சாசனத்தை வைத்து மேலும் வாதாடவில்லை. நகரத்தை ஒப்படைக்காவிட்டால் மன்னரின் படையினருக்கும் சிறைப்பட்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் சாப்பாட்டுச் செலவுக்குச் சென்னையிலிருந்து பணம் வராது என்று அறிவித்தார். ஆயிரக்கணக்கான வாய்கள், கருவூலமோ சென்னையில். அதிகாரிகள் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு நகரத்தை ஒப்படைத்தார்கள். கோட்டை, கொத்தளம், ஆளுநர் மாளிகை என்று கையில் வந்தவை எல்லாம் பின்னர் இடித்துத் தள்ளப்பட்டன. படைக்கும் ஆட்சிக்கும் இடையே பொறுப்பு எப்படித் தீர்மானமானது என்றால், விதியால் அல்ல, சம்பளப் பையை யார் வைத்திருந்தார்களோ அவர்களால்தான்.

கெடிலக்கரை (கடலூர்)

அம்மா, மிக்க நன்றி. ஆனால் இது உரிமைத் தகராறு. இடம் மாற்றும் செலவைப் பற்றிய தகராறு ஆகாதே? பிகட்டுக்கும் கூட்டுக்கும் இடையே எதையும் பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டிய தேவை எழவில்லை.

முத்தியால்பேட்டை வாசகி (புதுச்சேரி)

பெயர்த்து நட வேண்டிய தேவை எழாததற்குக் காரணமே அவர்கள் இடித்ததுதான். அந்த நூற்றாண்டில் இந்தக் கரையில் கோட்டையை யாரும் இடம் மாற்றவில்லை. எதிரியுடையதை இடித்தார்கள், தமக்கு வேண்டியதைப் புதிதாகக் கட்டினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையால் ஊர் திரும்பக் கிடைத்து, 1765இல் பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் வந்திறங்கியபோது அவருக்குக் கிடைத்தது கல்குவியல். மறுபடி கட்டும் செலவு முழுதும் பிரெஞ்சுத் தரப்பில் விழுந்தது. இடித்தவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இடம் மாறியவை சில உண்டு. 1746இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த காலத்தில் அங்கிருந்த கருங்கல் தூண்கள் புதுச்சேரிக்கு வந்தன. 1761க்குப் பின் திரும்பிப் போயின. இதில் யாரும் யாரோடும் பேச்சு நடத்தவில்லை.

பாகூர்க்காரன்

கடலூருக்கு உள்ள தொடர்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியை 1761இல் இடித்ததற்குப் பின்னால், தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையின் கதை இருக்கிறது. 1746இல் சென்னை பறிபோனதும் கம்பெனியின் தலைமையிடமே அங்கு மாறி, 1752 வரை அங்கிருந்துதான் நடந்தது. அந்தக் கோட்டையைப் பிடிப்பதற்காகப் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியில் இறங்கிய கையோடு படையைக் கிளப்பினார். கோட்டை ஜூன் 2 அன்று விழுந்தது. அவர் அதைத் தகர்த்தார்.

இந்த இழைக்குப் பொருத்தமான பகுதி அந்த இடைப்பட்ட வாரங்கள். முற்றுகைக்குப் பீரங்கியும் குண்டும் மருந்தும் அரிசியும் புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போய்ச் சேர வேண்டும். பெரிய தூரம்கூட இல்லை. வண்டியும் மாடும் கூலியாட்களும் ஏற்பாடு செய்ய வேண்டியவர் ஆளுநர் தெ லெரி என்று லாலி நினைத்தார். முன்னறிவிப்பு இல்லாமல் வந்திறங்கிய தளபதிக்கு ஒரே இரவில் எங்கிருந்து கொண்டுவருவது, கஜானாவில் பணம் எங்கே என்பது ஆளுநர் தரப்பின் நிலை. இருவரும் தத்தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. கடைசியில் லாலி புதுச்சேரி ஊர்மக்களைச் சாதி வேறுபாடு பாராமல் பிடித்துச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் வைத்தார். அந்தக் கசப்பு அவருக்கு எதிராகக் கடைசி வரை நின்றது. ஊரில் அவருக்கு உதவ ஒருவரும் முன்வரவில்லை. 1766இல் பாரிஸில் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது வேறு குற்றச்சாட்டுகளுக்காக என்றாலும், புதுச்சேரியில் அவர் எல்லோரையும் பகைத்துக்கொண்டது இந்தச் சுமையில் தொடங்கியது என்பது என் கணிப்பு.

ஆகவே கெடிலக்கரையின் முதல் கேள்விக்கு என் பதில்: இரண்டு அதிகாரங்கள் செலவைப் பேசி முடிக்காவிட்டால், அது பேச்சில் இடம்பெறாத மூன்றாமவரின் முதுகில் ஏறும். 1758இல் ஏறியது, 1994இலும் ஏறியது.

துறைமுகத்தான் (கடலூர் முதுநகர்)

பாகூர்க்காரரின் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. கப்பல் வேலையில் இருந்தபோது ஹாங்காங் கரையைப் பலமுறை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஹாங்காங்கைப் பிடித்து வரப்பட்ட கூலியாளாக நினைப்பது சரியல்ல. அந்தக் காலனி தன் பாதுகாப்புக்காக லண்டனுக்கு நெடுங்காலமாகப் பணம் கட்டிவந்தது. 1901 முதல் அதன் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு இராணுவப் பங்களிப்பாகப் போனது. 1970களின் பிற்பகுதியில் செய்த ஏற்பாட்டின்படி அங்கிருந்த படையின் செலவில் நான்கில் மூன்று பங்கைக் காலனியே ஏற்றது. அதற்கு ஈடாக அது பெற்றது நிலம். நகரத்தின் மத்தியை இரண்டாகப் பிளந்துகொண்டு படை முகாம்களும் கடற்படைப் பட்டறையும் நின்றன. பட்டறை 1959இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் சாலை வந்தது. விக்டோரியா முகாம் 1979இல் திரும்பி வந்தது. அதன் ஒரு பகுதி 1991இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கை டாக் விமான நிலையத்தைப் பயணிகள் விமானங்களும் விமானப்படையும் ஒன்றாகப் பயன்படுத்திவந்தன. 1978இல் விமானப்படை ஷேக் காங் என்ற வேறு இடத்துக்குப் போனது.

1994 உடன்பாட்டில் காலனிக்குக் கிடைத்த 25 இடங்களின் மதிப்பை வைத்துப் பார்த்தால் ஐந்து கட்டுமானங்களின் செலவு பெரிய தொகையாக இருக்காது. ஓவர்சியர் ஐயா சொன்ன விதியின்படியும் நிலம் வேண்டுமென்று கேட்டவர் ஹாங்காங்தான். கேட்டவர் கட்டினார். கெடிலக்கரையின் வெள்ளையடிப்புக் கணக்கில் இந்த நிலத்தின் விலை விடுபட்டுப்போயிற்று.

சட்டம் படிக்கும் மாணவி (புதுச்சேரி)

துறைமுகத்தான் ஐயா சொல்வது இன்றைய இந்திய நடைமுறைக்கு மிக அருகில் வருகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் நிலம் ஒரு மாநில அரசின் சாலைக்கோ பாலத்துக்கோ தேவைப்பட்டால், சம மதிப்புள்ள நிலத்தை மாற்றாகத் தரலாம். அல்லது படைக்குத் தேவைப்படும் கட்டடங்களைச் சம மதிப்புக்குக் கட்டித் தரலாம். இரண்டாவது முறைதான் ஹாங்காங்கில் நடந்தது என்று எனக்குப் படுகிறது.

எனக்கு ஓர் ஐயம். கம்பெனிக் காலத்தில் படையின் கட்டடங்களுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் தனித்தனிக் கணக்கு இருந்ததா? ஒரே முதலாளியின் இரண்டு கைகளுக்கு இடையே "யார் செலவு" என்ற கேள்வியே எப்படி எழும்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர் (நெல்லிக்குப்பம்)

நல்ல கேள்வி, அம்மா. 1850கள் வரை படைத்துறைக் கட்டடங்களுக்கு இராணுவ வாரியம் என்ற அமைப்பு இருந்தது. வங்காளத்தில் பாலம், சாலை வேலைகள்கூட அதன் கையில் சிக்கிக் கிடந்தன. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் அந்தப் பொறுப்பைப் பிரித்தெடுத்துப் பொதுப்பணித் துறையை அமைத்தார்கள். அதற்குப் பிறகும் படையின் கட்டுமானப் பணிகள் அதே துறையின் நிழலில் நெடுநாள் இருந்து, தனிப் பிரிவாக மெல்ல விலகி, 1923இல் எம்.இ.எஸ். (இராணுவப் பொறியாளர் சேவை) என்ற பெயரில் முழுதாகத் தனியே வந்தன. அடுத்த ஆண்டு, படை முகாம் பகுதிகளுக்கான கண்டோன்மென்ட் சட்டம் வந்தது.

ஒரே முதலாளியின் இரண்டு கைகள் என்றீர்கள். நான் பார்த்தவரையில் ஒரே அரசின் இரண்டு துறைகளுக்குள் நடப்பதைப்போன்ற கடுமையான கணக்கு வழக்கு வெளியாரோடு நடப்பதில்லை. வெளியாரோடு ஒப்பந்தம் இருக்கும், நீதிமன்றம் இருக்கும். துறைகளுக்குள் கடிதமும் நினைவூட்டுக் கடிதமும் மட்டுமே.

பாகூர்க்காரன்

மாணவியின் கேள்விக்கு 1783 கடலூர் நேரான பதில். அங்கே முதலாளியே இருவர்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஐர் கூட் இறந்தார், படைத்தலைமை ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடம் இருந்தது. 1781 பொள்ளிலூர்ப் போரில் ஒரு காலை இழந்தவர். கடலூரில் இருந்த புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையை விரட்டச் சென்னையிலிருந்து புறப்பட்டு, சில நாட்களில் கடக்கக்கூடிய தூரத்தை வாரக்கணக்கில் கடந்து வந்தார். தாமதத்துக்குக் காரணம் வண்டியும் தானியமும் சென்னை அரசு தராததுதான் என்பது படைத்தரப்பின் குறை. ஸ்டூவர்ட்டுக்கு மனமில்லை என்பது ஆளுநர் மெக்கார்ட்னி தரப்பின் குறை. ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் மோதிக்கொண்ட பிறகு, ஆங்கிலக் கப்பல்கள் சென்னைக்கு விலகிவிட, கடல்வழியாக வரும் பொருளை நம்பியிருந்த தரைப்படை இக்கட்டில் மாட்டியது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து அவர்களைக் காப்பாற்றியது.

ஆட்சியாளருக்குக் கட்டுப்பட வேண்டிய கம்பெனிப் படை ஒருபுறம், மன்னரின் ஆணையில் இருந்த படைப்பிரிவுகள் மறுபுறம். ஸ்டூவர்ட் இரண்டையும் தன் ஒரே கையில் வைத்துக்கொண்டு, ஆளுநரின் உத்தரவு தன்னைக் கட்டாது என்பதுபோல் நடந்துகொண்டார். செப்டம்பரில் மெக்கார்ட்னி அவரைப் பதவியிலிருந்து நீக்கிக் கைது செய்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். 1786இல் அங்கே இருவரும் துப்பாக்கிச் சண்டையிட்டு, மெக்கார்ட்னி காயப்பட்டார்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1761இல் சாப்பாட்டுப் பணத்தை நிறுத்துவேன் என்று படையை வழிக்குக் கொண்டுவந்த அதே பிகட், இரண்டாம் முறை ஆளுநராக வந்து, 1776இல் தன் சபையினருடன் மோதியபோது, அவரைக் கைது செய்த படைத்தலைவர் இதே ஸ்டூவர்ட். பிகட் மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். சம்பளப் பை எப்போதும் வெல்லும் என்ற முத்தியால்பேட்டை அம்மாவின் முடிவுக்கு இதையும் ஒரு குறுக்கீடாக வைக்கிறேன்.

முத்தியால்பேட்டை வாசகி (புதுச்சேரி)

குறுக்கீடு ஆகாது. 1776இல் பை பிகட்டிடம் இல்லை. சபையின் பெரும்பான்மையிடம் இருந்தது. ஸ்டூவர்ட் அந்தப் பக்கம் நின்றார், அவ்வளவுதான்.

நெறியாளர்

ஆட்களைப் பற்றிய சண்டை சுவையானதுதான். இருந்தாலும் இழை கட்டுமானப் பொறுப்பைப் பற்றியது என்பதை நினைவூட்டுகிறேன்.

கெடிலக்கரை (கடலூர்)

திரும்பி வருகிறேன். துறைமுகத்தான் அண்ணன் நிலத்தின் விலையைச் சேர்த்தது சரி. ஆனாலும் ஒன்றை அவர் தாண்டிவிட்டார். 25 இடங்கள் வேண்டும் என்பதில் ஹாங்காங் கேட்டவராக இருக்கலாம். அதற்கு ஈடாக எத்தனை கட்டுமானம், எங்கே, எவ்வளவு பெரியது என்பதைத் தீர்மானித்த மேசையில் கையெழுத்திட்டவர்கள் லண்டனும் பெய்ஜிங்கும். ஓவர்சியர் ஐயாவின் ஆறு அங்குலமா எட்டு அங்குலமா என்ற வாதத்தில் பணம் கட்டுபவர் கூட்டாய்வில் டேப் பிடித்து நின்றார். இங்கே டேப் பிடித்தவர் வேறு, கட்டியவர் வேறு.

புதுச்சேரியில் 1814க்குப் பிறகு இந்தச் சிக்கலே எழவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அந்த ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, இந்தியாவில் திரும்பக் கிடைக்கும் இடங்களில் பிரெஞ்சுக்காரர் அரண் எழுப்பக் கூடாது, காவலுக்கு வேண்டிய படையை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று விதித்தது. மதில் நின்ற கோட்டில் இன்று அண்ணா சாலையும் சுப்பையா சாலையும் பட்டேல் சாலையும் ஓடுகின்றன. நகராட்சி அங்கே எதையாவது நகர்த்த வேண்டுமென்றால் எந்தத் தளபதியிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முத்தியால்பேட்டை வாசகி (புதுச்சேரி)

தளபதி இல்லாவிட்டாலும் பக்கத்து அரசு இருந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து வந்த ரயில் பிரிட்டிஷ் மண்ணில் தொடங்கிப் பிரெஞ்சு மண்ணில் முடிந்தது. பாதையைப் போட்டது ஒரு தனிக் கம்பெனி, ரயிலை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. இரண்டு கொடிகளின் கீழ் ஒரே தண்டவாளம் அத்தனை ஆண்டுகள் ஓடியதற்குக் காரணம், கட்டுபவரும் ஓட்டுபவரும் வெவ்வேறு ஆட்கள் என்று முதலிலேயே எழுதி வைத்ததுதான் என்பேன்.

துறைமுகத்தான் (கடலூர் முதுநகர்)

கெடிலக்கரையின் டேப் வாதத்துக்கு ஒரு பதில் உண்டு. 1994 உடன்பாட்டில் ஹாங்காங் நடுக்கரையில் படைக் கப்பல்களுக்காக 150 மீட்டர் நீளக் கரை ஒதுக்க வேண்டும் என்று அளவோடு எழுதினார்கள். கடலைத் தூர்த்துப் புதுக்கரை அமைத்தபோது அந்த 150 மீட்டரை ஹாங்காங் அரசே கட்டியது. 2013இல் அந்த இடத்தை இராணுவப் பயன்பாட்டுக்கு என்று வகைமாற்றியபோது மக்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு செலவைப் பற்றியதல்ல. கப்பல் இல்லாத நாட்களில் கரையில் யார் நடக்கலாம், கதவின் சாவி யார் கையில் இருக்கும் என்பதைப் பற்றியது. அளவை எழுதியவர்கள் அதை எழுதவில்லை.

ஓய்வுபெற்ற ஓவர்சியர் (நெல்லிக்குப்பம்)

எங்கள் கோப்புகளிலும் அப்படித்தான். நகர்த்தும் மதிப்பீட்டில் குழி தோண்டுவது முதல் மண் மூடுவது வரை பைசா விடாமல் இருக்கும். வால்வு அறையின் பூட்டு எந்தத் துறையுடையது என்பது எந்த மதிப்பீட்டிலும் இருக்காது. மழைக்காலத்தில் வால்வை மூட வேண்டி வரும்போது இரண்டு துறைக்கும் போன் போட வேண்டியிருக்கும்.

மாணவி அம்மாவுக்கு: நீங்கள் சொன்ன சம மதிப்பு முறையில், கட்டி ஒப்படைத்த பிறகு முதல் ஐந்தாண்டுப் பராமரிப்பு யார் கணக்கில் வரும் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? மதிப்பீட்டில் அதைச் சேர்த்திருந்தால் இந்த இழையின் பாதி வாதம் முடிந்துவிடும்.

சட்டம் படிக்கும் மாணவி (புதுச்சேரி)

பார்க்கிறேன், ஐயா. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுபடும் என்றுதான் நினைக்கிறேன். மாதிரி ஒப்பந்தம் ஒன்று கிடைத்தால் அதன் பராமரிப்புப் பிரிவை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.